துணைக்கு ஒருவர்: முடிவெடுக்க உதவும் ஒப்பந்தங்களும் நம் சட்டமும்

சென்ற ஆண்டு ஒரு நாள், பாஸ்புக்கில் வரவு செலவைப் பதிவு செய்துகொள்ள ஒரு வங்கிக் கிளையில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஓர் அக்காவும் தம்பியும் நின்றார்கள். தம்பிக்கு 25 வயது இருக்கலாம். டவுன் சிண்ட்ரோம் என்ற, பிறவியிலேயே வரும் அறிவுசார் குறைபாடு உள்ளவர். நன்றாகத் தேய்த்த சட்டை, பையில் ஒரு பேனா, கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஆதார் அட்டை. அவர்கள் முறை வந்ததும் கவுண்டருக்குப் பின்னால் இருந்த அலுவலர் அக்காவைப் பார்த்து, "இவருக்கு என்ன வேண்டும்?" என்றார். "அவனையே கேளுங்கள் சார்" என்றார் அக்கா. தம்பி நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "ஏடிஎம் கார்டு. என் பெயரில்."

காகிதப் பை செய்யும் இடமொன்றில் வேலை பார்க்கிறாராம். சம்பளம் கணக்கில்தான் விழுகிறதாம். அலுவலர் மறுபடியும் அக்காவிடமே பேசினார். கார்டியன் சான்றிதழ் இருக்கிறதா? இல்லை. அப்படியானால் கார்டு தர முடியாது. கோர்ட்டில் ஆர்டர் வாங்கி வாருங்கள், அல்லது உங்கள் பெயரில் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். "அவன் மேஜர் சார். என்ன வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். கணக்குப் பார்க்கும்போது மட்டும் நான் கூட இருப்பேன்" என்று அக்கா சொல்லிப் பார்த்தார். அலுவலர் பொல்லாதவர் அல்லர். தனக்குச் சொல்லப்பட்டதைச் சொன்னார். படிவத்தில் கையெழுத்துப் போடத் திறந்து வைத்திருந்த பேனாவைத் தம்பி மூடி, மறுபடியும் பையில் செருகிக்கொண்டார்.

"கூட இருப்பேன்" என்று அந்த அக்கா சொன்னாரே, அந்த ஏற்பாட்டுக்குச் சில நாடுகளில் சட்டத்தில் இடம் இருக்கிறது. துணையுடன் முடிவெடுத்தல் என்று அதைச் சொல்லலாம். மாற்றுத்திறனாளியான ஒருவர், 18 வயது நிரம்பியவர், தனக்கு நம்பிக்கையானவரைத் துணையாகத் தேர்ந்தெடுத்து, எந்தெந்த விஷயங்களில் உதவி வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திடுகிறார். துணையாக இருப்பவர் விளக்குவார், விசாரித்துச் சொல்வார், சொல்ல வந்ததை எதிரே இருப்பவருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வார். முடிவை மட்டும் அவர் எடுக்க மாட்டார்.

யோசித்துப் பார்த்தால் நாம் எல்லோரும் இப்படித்தான் வாழ்கிறோம். மனை வாங்குவதற்கு முன் வில்லங்கச் சான்றிதழை வக்கீலிடம் காட்டுகிறோம். ஆபரேஷன் என்றால் மருத்துவம் படித்த உறவுக்காரருக்கு ஸ்கேன் அறிக்கையை அனுப்பிக் கேட்கிறோம். வருமான வரிக்கு ஆடிட்டர், பெண் பார்க்கப் பெரியப்பா. இவ்வளவு பேரைக் கலந்துகொண்டதால் நமக்கு முடிவெடுக்கத் தெரியாது என்று யாரும் நம் கையெழுத்தைப் பறிப்பதில்லை. அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ மனநோயோ உள்ளவர் உதவி கேட்டால் மட்டும், அந்த உதவியே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது.

இதன் வேர் பழைய சட்டங்களில் இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், ஒப்பந்தம் செய்பவர் 'தெளிந்த மனநிலை' உள்ளவராக இருக்க வேண்டும் என்கிறது. அந்தச் சட்டம்கூட, ஒப்பந்தம் செய்யும் நேரத்தில் அதைப் புரிந்துகொள்ள முடிகிறதா என்றுதான் கேட்கிறது. நடைமுறையிலோ அந்தக் கேள்வி ஆளைப் பார்த்த மாத்திரத்தில் முடிந்துவிடுகிறது. முடியும் என்றால் எல்லாம் முடியும். முடியாது என்றால் எதுவும் முடியாது. முடியாதவருக்கு ஒரு பாதுகாவலரை நியமித்துவிட்டால், அதற்குப் பிறகு அவர் எங்கே வசிப்பது, எந்த மருத்துவரிடம் போவது, பணத்தை என்ன செய்வது என்பதையெல்லாம் அந்தப் பாதுகாவலரே சொல்லலாம். அமெரிக்காவில் சுமார் 13 லட்சம் பேர் இப்படிப் பாதுகாவலர் பொறுப்பில் இருப்பதாக மதிப்பிடப்பட்டிருக்கிறது. பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் 2008 முதல் 2021 வரை அப்படி இருந்தபோதுதான் உலகம் இதைத் திரும்பிப் பார்த்தது. ஊர் ஊராகக் கச்சேரி நடத்திக் கோடி கோடியாகச் சம்பாதித்த ஒருவருக்கே தன் பணத்தைத் தொட அனுமதி இல்லை என்றால், பெயர் தெரியாதவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

பிரிட்னியின் வழக்கைவிட இந்த விஷயத்தில் முக்கியமானது, வர்ஜீனியா மாநிலத்தின் நியூபோர்ட் நியூஸ் நகரில் 2013-இல் தீர்ப்பான ஒரு வழக்கு. ஜென்னி ஹாட்ச் என்ற 29 வயதுப் பெண். அவருக்கும் டவுன் சிண்ட்ரோம். பழைய பொருள்கள் விற்கும் கடை ஒன்றில் வேலை பார்த்தார். சைக்கிளில் போய்வந்தார். தேர்தல் காலத்தில் வேட்பாளர்களுக்காகத் தன்னார்வலராக உழைத்தார். ஊரில் பலருக்கும் அவரைத் தெரியும். 2012-இல் சைக்கிளில் போகும்போது கார் மோதி முதுகில் அடிபட்டது. சிகிச்சை முடிந்து வந்தவரை, அவர் வேலை பார்த்த கடையின் உரிமையாளர்கள் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அங்கேயே இருக்க அவர் விரும்பினார். ஆனால் அவருடைய தாயும் மாற்றுத் தந்தையும் அவருக்குப் பாதுகாவலர் நியமிக்க வேண்டும் என்று நீதிமன்றம் போனார்கள். வழக்கு நடந்த காலத்தில் ஜென்னி, மாற்றுத்திறனாளிகளைச் சேர்த்து வைத்துப் பராமரிக்கும் குழு இல்லங்களில் வைக்கப்பட்டார். கைப்பேசி, மடிக்கணினி அவர் கையில் இல்லை. கடைக்கு வேலைக்குப் போக முடியவில்லை. நண்பர்களைப் பார்ப்பதும் மற்றவர்கள் விருப்பத்தைப் பொறுத்ததாயிற்று.

இதில் பெற்றவர்களை வில்லன்களாக்கிப் பேசுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அடிபட்ட மகள் இனிச் சைக்கிளில் தனியாகப் போகக் கூடாது, பாதுகாப்பான ஓர் இடத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு தாய் நினைப்பதில் என்ன அதிசயம்? சிக்கல், அந்தக் கவலைக்குச் சட்டம் நீட்டிய ஒரே கருவியில் இருந்தது. மகளைக் காப்பாற்ற வேண்டுமானால் மகளின் உரிமை முழுவதையும் எடுத்துக்கொள் என்றது அந்தக் கருவி.

பல நாள் விசாரணையில் ஜென்னியின் தரப்பு வக்கீல் முன்வைத்த வாதம் எளிமையானது: இவருக்கு உதவி வேண்டும், உண்மை, அந்த உதவியை இவர் ஏற்கெனவே தேடிக்கொண்டுவிட்டார். 2013 ஆகஸ்ட் 2 அன்று தீர்ப்பு வந்தது. பாதுகாவலரே வேண்டாம் என்று நீதிபதி சொல்லிவிடவில்லை. ஆனால் ஜென்னி யாருடன் இருக்க விரும்பினாரோ அந்த நண்பர்களையே நியமித்தார். அதுவும் ஓர் ஆண்டுக்கு மட்டும், சில விஷயங்களுக்கு மட்டும். அந்த ஓராண்டுக்குள் அவர் துணையுடன் தானே முடிவெடுக்கும் நிலைக்கு வர உதவ வேண்டும் என்பதும் உத்தரவில் இருந்தது. ஓராண்டு கழிந்தது. அதன் பிறகு ஜென்னிக்குப் பாதுகாவலர் இல்லை.

இந்தத் தீர்ப்பு வந்தபோது அமெரிக்காவின் எந்த மாநிலத்திலும் இதற்கென்று ஓர் ஒப்பந்தப் படிவம் சட்டத்தில் இல்லை. 2015-இல் டெக்சாஸ் முதலில் கொண்டுவந்தது. அந்த ஆண்டிலிருந்தே அது நடைமுறையில் இருக்கிறது. அடுத்த ஆண்டு டெலவேர், பிறகு அலாஸ்கா, விஸ்கான்சின், இண்டியானா, 2022-இல் நியூயார்க் என்று வரிசையாகப் பல மாநிலங்கள் சேர்ந்தன. டெக்சாஸ் படிவத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இந்த விஷயத்தின் உயிர் அந்தத் தாளில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

படிவம் தன்மையில் பேசுகிறது. "என் பெயர் இன்னது. நான் என் விருப்பத்தின்பேரில் இந்த ஒப்பந்தத்தைச் செய்கிறேன். இன்னாரை என் துணையாகத் தேர்ந்தெடுக்கிறேன்." பிறகு ஒவ்வொரு வரிக்கும் ஆம், இல்லை என்று இரண்டு இடங்கள். உணவு, உடை, இருப்பிடம். உடல் நலம். மன நலம். பணமும் சொத்தும். படிப்பு, பயிற்சி. எனக்கு வேண்டிய சேவைகளைத் தேர்ந்தெடுப்பது. வேலை தேடுவது. மற்றவை. எல்லாவற்றுக்கும் ஆம் போட வேண்டியதில்லை. மருத்துவமனை விஷயத்தில் அக்கா வரட்டும், சம்பளப் பணத்தில் அண்ணன் மட்டும் உதவட்டும், யாரோடு சினிமாவுக்குப் போவது என்பதில் யாரும் தலையிட வேண்டாம் என்று வைத்துக்கொள்ளலாம். மருத்துவக் குறிப்புகளைத் துணையானவர் பார்க்கலாமா, கல்விப் பதிவுகளைப் பார்க்கலாமா என்பதற்குத் தனித்தனியாக ஆம், இல்லை.

நடுவில் ஒரு வரி வருகிறது: "என் துணை எனக்காக முடிவெடுப்பதில்லை." இந்த வரிதான் பவர் பத்திரத்திலிருந்து இதைப் பிரிக்கிறது. பவர் எழுதிக் கொடுத்தவர் ஊரில் இல்லாதபோதும் அவர் பெயரில் இன்னொருவர் பத்திரம் பதியலாம். இங்கே அப்படி எதுவும் நடக்காது. துணையானவரால் ஒரு காசோலையில்கூடக் கையெழுத்துப் போட முடியாது. மூன்று வேலைகள்தான் அவருக்கு: தகவலைத் திரட்டித் தருவது, அதைப் புரியவைப்பது, எடுத்த முடிவை உரியவர்களிடம் சேர்ப்பது. பெரிய தொகையொன்றில் எவ்வளவு எடுத்தால் எவ்வளவு மிஞ்சும் என்பதைப் பத்து ரூபாய்க் காசுகளை மேசையில் அடுக்கிக் காட்டுவது இந்த இரண்டாவது வேலைக்குள் வரும். வாய்ப் பேச்சு தெளிவில்லாதவருக்குப் படங்களைக் காட்டிக் கேட்பதும், அவர் கண்ணசைவில் ஆம் எது, இல்லை எது என்று பல வருடப் பழக்கத்தில் தெரிந்து வைத்திருப்பவர் அதை மருத்துவரிடம் சொல்வதும் மூன்றாவது வேலை.

இதைச் செய்ய நீதிமன்றம் போக வேண்டியதில்லை. இரண்டு சாட்சிகள் அல்லது ஒரு நோட்டரி முன்னால் இருவரும் கையெழுத்திட்டால் போதும். சாட்சிகளுக்கு 14 வயது நிரம்பியிருந்தால்கூடப் போதும் என்று டெக்சாஸ் வைத்திருக்கிறது. வேண்டாம் என்றால் இருவரில் எவரும் முடித்துக்கொள்ளலாம். தாளைக் காட்டினால் வங்கியோ மருத்துவமனையோ அதை ஏற்று நடக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு ஏற்று நடந்தவர்மீது பின்னால் வழக்குத் தொடுக்க முடியாது. கவுண்டருக்குப் பின்னால் இருப்பவரின் பயத்தையும் சட்டம் எண்ணிப் பார்த்திருக்கிறது என்பது எனக்குப் பிடித்த விஷயம். நான் பார்த்த அந்த அலுவலருக்கும் நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் தன் தலையில் விழும் என்ற பயம்தானே இருந்திருக்கும்.

ஏமாற்று நடக்காதா? நடக்கும். துணை என்று வருபவரே பணத்தைச் சுருட்டலாம், "இதில் கையெழுத்துப் போடு கண்ணா" என்று அன்பாகவே சொல்லி எழுதி வாங்கலாம். படிவத்திலேயே இதற்கு ஓர் எச்சரிக்கை அச்சாகியிருக்கிறது: துணையானவர் துன்புறுத்துகிறார், சுரண்டுகிறார் என்று சந்தேகம் வந்தால், தாளைப் பார்த்தவர் மாநில அரசின் குடும்பப் பாதுகாப்புச் சேவைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அப்படிச் சுரண்டியது உறுதியானால் ஒப்பந்தம் தானாக முடிந்துவிடும். 2017-இல் சட்டத்தைத் திருத்தி, துணையானவர் தன் லாபம் பாராமல் விசுவாசமாக நடக்கக் கடமைப்பட்டவர் என்றும் சேர்த்தார்கள். இவை போதுமா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அதே கேள்வியைப் பாதுகாவலர் முறையிடமும் கேட்க வேண்டும். முழு அதிகாரம் பெற்ற பாதுகாவலர் ஏமாற்றினால், ஏமாற்றப்பட்டவருக்குப் புகார் கொடுக்கவும் குரல் இருக்காது. அவர் சார்பில் பேசும் உரிமையும் ஏமாற்றியவர் கையில்தான் இருக்கும்.

ஒப்பந்த முறையை முதலில் யோசித்தது டெக்சாஸ் அன்று. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் 1996-லேயே இதற்கு நெருக்கமான ஒரு சட்டத்தை இயற்றி, 2000-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதில் துணையானவருக்கு டெக்சாஸைவிட அதிக அதிகாரம் உண்டு, அவரைக் கவனிக்க ஒரு கண்காணிப்பாளரும் உண்டு. அந்தச் சட்டத்தின் தனிச்சிறப்பு வேறு. ஒருவர் இந்த ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ளவரா என்று பார்க்க, கணக்குப் போடத் தெரியுமா, தேதி தெரியுமா என்று கேட்பதில்லை. விருப்பத்தை எந்த வழியிலாவது தெரிவிக்கிறாரா, பிடித்தது பிடிக்காததைக் காட்டுகிறாரா, தேர்ந்தெடுத்த ஆளோடு நம்பிக்கையான உறவு இருக்கிறதா என்று பார்க்கிறது. உறவில் உள்ள நம்பிக்கையையே சட்டத் தகுதியின் ஓர் அடையாளமாக ஏற்பது பெரிய காரியம். அயர்லாந்து 1871-ஆம் ஆண்டின் பைத்தியக்காரர் ஒழுங்குமுறைச் சட்டத்தை 2023 ஏப்ரலில்தான் கைவிட்டது. அதற்குப் பதிலாக உதவியாளர், கூட்டாக முடிவெடுப்பவர், நீதிமன்றம் நியமிக்கும் பிரதிநிதி என்று தேவைக்கேற்ற படிகளை வைத்தது. பெரு 2018-லும் கொலம்பியா 2019-லும் சிவில் சட்டத்தையே மாற்றி எழுதின.

இவற்றில் பலவற்றுக்கு உந்துதல், 2006 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை. அதன் 12-ஆவது பிரிவு, வாழ்வின் எல்லாத் துறைகளிலும் மாற்றுத்திறனாளிகளுக்கு மற்றவர்களுக்குச் சமமான சட்டத் தகுதி உண்டு என்கிறது. அதைப் பயன்படுத்தத் தேவையான உதவியைத் தருவது அரசின் பொறுப்பு என்கிறது. 2014-இல் உடன்படிக்கையின் குழு இதை விளக்கி எழுதியபோது, ஒருவரின் விருப்பத்தை எவ்வளவு முயன்றும் அறிய முடியாத இடத்தில்கூட, 'அவருக்கு எது நல்லது' என்பதைப் பார்க்காமல், 'அவர் என்ன விரும்பியிருப்பார்' என்பதைத்தான் தேட வேண்டும் என்று சொன்னது. இந்த இடத்தில் பல நாடுகளும் தயங்குகின்றன. ஆழ்ந்த குறைபாடு உள்ளவரிடத்தில் இது எப்படிச் செல்லும் என்று கேட்கும் பெற்றோர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆயினும், பிறந்ததிலிருந்து பேசாத மகன் எந்தத் தட்டில் சாப்பிடுவான், யார் குளிப்பாட்டினால் அழ மாட்டான் என்று அந்தப் பெற்றோருக்குத்தான் தெரியும். அதுவும் விருப்பத்தை அறிவதுதான். அவர்கள் அதற்கு அந்தப் பெயர் வைப்பதில்லை.

இந்த உடன்படிக்கையை அமெரிக்கா இன்றுவரை ஏற்று உறுதி செய்யவில்லை. 2009-இல் கையெழுத்திட்டது. 2012 டிசம்பர் 4 அன்று செனட்டில் வாக்கெடுப்பு நடந்தபோது ஆதரவு 61, எதிர்ப்பு 38. மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் தோற்றது. ஆனால் மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் படிவத்தை அச்சடித்துக்கொண்டிருக்கின்றன. இந்தியா 2007 அக்டோபர் 1 அன்றே ஏற்று உறுதி செய்துவிட்டது. நம்மிடம் கொள்கை இருக்கிறது, படிவம் இல்லை.

கொள்கை பலவீனமானதென்று சொல்ல முடியாது. 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 13, 14, 15-ஆம் பிரிவுகளைப் படித்துப் பாருங்கள். சொத்து வைத்துக்கொள்ள, வாரிசாகப் பெற, தன் பண விஷயங்களைத் தானே கவனிக்க, வங்கிக் கடன் பெற மாற்றுத்திறனாளிகளுக்குச் சம உரிமை என்கிறது 13. துணையாக இருப்பவர் முறையற்ற செல்வாக்கைச் செலுத்தக் கூடாது, அவருடைய தன்னுரிமையையும் அந்தரங்கத்தையும் மதிக்க வேண்டும் என்கிறது. ஒரு பரிவர்த்தனையில் துணையானவருக்கே ஆதாயம் இருந்தால், அந்தப் பரிவர்த்தனையில் மட்டும் அவர் விலகி நிற்க வேண்டும். ரத்த உறவு என்பதாலேயே ஆதாயம் இருப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு நிதானமும் சேர்ந்திருக்கிறது. ஏற்பாட்டை மாற்றவோ கலைக்கவோ வேறொருவரைத் துணைக்கு அழைக்கவோ மாற்றுத்திறனாளிக்கு உரிமை உண்டு. டெக்சாஸ் படிவத்தின் எலும்புகள் எல்லாம் இங்கே கிடக்கின்றன.

14-ஆம் பிரிவு பாதுகாவலரைப் பற்றியது. போதிய துணை கொடுத்துப் பார்த்த பிறகும் ஒருவரால் சட்டப்படி செல்லக்கூடிய முடிவை எடுக்க இயலவில்லை என்றால் மட்டும், மாவட்ட நீதிமன்றமோ மாநில அரசு அறிவித்த அதிகாரியோ 'வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்' ஒருவரை நியமிக்கலாம். குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட முடிவுக்கு, அவரைக் கலந்துகொண்டு, அவர் விருப்பப்படி. வேறு எந்தச் சட்டத்தின்கீழ் நியமிக்கப்பட்ட பாதுகாவலரும் இனி இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. 'போதிய துணை கொடுத்துப் பார்த்த பிறகும்' என்ற சொற்களைக் கவனியுங்கள். முதலில் துணை, பிறகுதான் பாதுகாவலர். வங்கியில் அன்று கேட்கப்பட்டது தலைகீழ் வரிசையில்.

ஏன் அப்படி? துணை கொடுத்தாயிற்று என்பதைக் காட்டவோ, இன்னார்தான் துணை என்று சொல்லவோ, கவுண்டரில் வைக்கக்கூடிய ஒரு தாளை அந்தச் சட்டம் வகுத்துத் தரவில்லை. பாதுகாவலர் சான்றிதழுக்கோ தாள் இருக்கிறது, முத்திரை இருக்கிறது, கால் நூற்றாண்டுப் பழக்கம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ், ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு, 18 வயதுக்குப் பிறகும் பாதுகாவலரை நியமிக்க உள்ளூர்க் குழுக்கள் உள்ளன. குழுவில் மாவட்ட ஆட்சியர் நிலையில் ஓர் அதிகாரி, பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர். நீதிமன்ற அலைச்சலைக் குறைத்ததில் இந்தக் குழுக்கள் குடும்பங்களுக்கு எவ்வளவோ உதவியிருக்கின்றன. நியமிக்கப்பட்ட பாதுகாவலர் 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் தர வேண்டும், ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும் என்ற விதிகளும் உண்டு. ஆனால் கருவி ஒன்றுதான் என்பதால், ஒரு கணக்கு தொடங்கவும் ஒரு கார்டு வாங்கவும்கூடக் குடும்பங்கள் அந்தக் கருவியையே எடுக்க வேண்டியிருக்கிறது. ஊசியால் முடிகிற வேலைக்குக் கடப்பாரை.

இங்கே ஒரு கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோர் நான்கு பேர் சேர்ந்தால் அந்தப் பேச்சு வராமல் இருக்காது: "எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?" பாதுகாவலர் சான்றிதழ் வாங்கும்போது ஒரு தாய் வாங்குவது அதிகாரத்தை அன்று, அந்தக் கேள்விக்கு ஒரு பதிலைத்தான். துணை ஒப்பந்தம் பற்றிப் பேசுபவர்கள் இதற்கு நேராகப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். என் பதில் இது. சான்றிதழில் பெயருள்ள தாய் போன மறுநாள், சான்றிதழும் வெறும் தாளாகிவிடுகிறது. மறுபடி மனு, மறுபடி விசாரணை. தாய் இருக்கும்போதே மகன் ஒரு சித்தி மகளையோ பக்கத்து வீட்டு அண்ணனையோ பயிற்சி மையத்து ஆசிரியரையோ துணையாகச் சேர்த்துப் பழகியிருந்தால், ஒருவர் போனாலும் மற்றவர்கள் இருப்பார்கள். இருபது வருடம் எல்லா முடிவையும் அம்மாவே எடுத்துப் பழகிய மகனுக்கு அவர் போன அன்று எல்லாமே போய்விடுகிறது. சிறு சிறு முடிவுகளில் பழகியவனுக்கு அப்படி ஆவதில்லை. எந்தச் சட்டையைப் போடுவது என்பதில் தொடங்கி, சம்பளத்தில் எவ்வளவு செலவழிப்பது என்பது வரை தவறு செய்து கற்றுக்கொள்ளவும் அவனுக்கு இடம் வேண்டும்.

யாருமே இல்லாதவர்கள்? அவர்கள்தான் இந்த முறையின் கடினமான பகுதி. மனநலக் காப்பகங்களில் பத்து, இருபது ஆண்டுகளாக இருப்பவர்களுக்கு யாரைத் துணையாகத் தேர்ந்தெடுக்கச் சொல்வது? சுவீடனின் ஸ்கோனெ பகுதியில் 1995-இல் தொடங்கிய ஒரு முயற்சியில், கடுமையான மனநோய் உள்ளவர்களைத் தேடிப் போய், அவர்கள் நம்பும் வரை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பேசிப் பழகி, அவர்கள் சொல்வதை மட்டும் செய்யும் ஊழியர்கள் இருக்கிறார்கள். நம் சட்டத்தின் 15-ஆம் பிரிவும், நிறுவனங்களில் இருப்பவர்களுக்கும் அதிக உதவி தேவைப்படுபவர்களுக்கும் தக்க துணை ஏற்பாடு செய்வது அதிகாரிகளின் பொறுப்பு என்கிறது. செலவு பிடிக்கும் வேலைதான். ஆனால் செய்ய வேண்டியது நட்பை உண்டாக்கும் வேலை. அதை ஓர் உத்தரவால் மட்டும் செய்ய முடியாது.

இந்த எண்ணம் நம் நீதிமன்றங்களுக்கும் புதிதன்று. 2009-இல் சண்டிகரில், அரசு இல்லத்தில் இருந்த, லேசான அறிவுசார் குறைபாடுள்ள ஓர் இளம்பெண் பாலியல் வன்கொடுமையால் கருவுற்றார். அவர் குழந்தையைப் பெற்றுக்கொள்ள விரும்பினார். உயர் நீதிமன்றம் கருவைக் கலைக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன், நீதிபதிகள் பி. சதாசிவம், பி.எஸ். சவுகான் ஆகியோர் அடங்கிய அமர்வு அதை ஏற்கவில்லை. லேசான அறிவுசார் குறைபாடும் மனநோயும் வேறு வேறு. சட்டம் இவருடைய சம்மதத்தைக் கேட்கிறது, இவர் சம்மதிக்கவில்லை, வேறொருவர் இவருக்காக முடிவெடுக்க முடியாது என்றது. குழந்தை வளர்க்க அவருக்கு உதவி வேண்டுமே என்ற கவலைக்கு, உதவி செய்யுங்கள் என்பதுதான் விடை என்று எடுத்துக்கொண்டது. துணையுடன் முடிவெடுத்தல் என்ற பெயர் இந்தியச் சட்டத்தில் பரவுவதற்கு முன்பே வந்த தீர்ப்பு இது.

பெயர் தெரியாமலே நாம் ஏற்றுக்கொண்டுவிட்ட படிவமும் ஒன்று உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், சிகிச்சை விஷயங்களில் தனக்குத் துணையிருக்க 18 வயது நிரம்பிய எவரும் ஒரு பிரதிநிதியை நியமித்துக்கொள்ளலாம். எப்படி என்று 14-ஆம் பிரிவு சொல்கிறது: வெற்றுத் தாளில் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். முத்திரைத்தாள் வேண்டாம். நீதிமன்றம் வேண்டாம். நியமிக்கப்படுபவர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஒருவரின் முடிவு மற்றவர்களுக்குத் தவறாகப் படுகிறது என்பதாலேயே அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று ஆகிவிடாது என்றும் அந்தச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது.

தன் உடம்புக்கு என்ன மருந்து என்ற அளவுக்குப் பெரிய விஷயத்தில் நாடாளுமன்றம் ஒரு வெற்றுத் தாளை நம்பியிருக்கிறது. நான் வங்கியில் பார்த்த தம்பிக்கு நாளை மனநலச் சிகிச்சை தேவைப்பட்டால், "என் அக்கா எனக்குத் துணை" என்று ஒரு வரி எழுதி அந்தப் பேனாவால் கையெழுத்திட்டுக் கொடுத்தால் மருத்துவமனை வாங்கிக்கொள்ள வேண்டும். அதே வரியை அதே தெருவில் உள்ள வங்கிக் கவுண்டரில் வைத்தால், கோர்ட்டில் ஆர்டர் வாங்கி வரச் சொல்வார்கள்.